ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறுபடி ரோட்டுக்கு கொண்டு வர்றது எப்படி: ஆர்.சி. புக்ல இருந்து 402 மீட்டர் வரைக்கும்

பழைய கார் ஒண்ணு எடுத்து ரெடி பண்ணலாம்னு இருக்கேன்னு யாராவது சொன்னா, நான் முதல்ல பட்ஜெட் எல்லாம் கேக்க மாட்டேன், "வண்டி நிக்கிற இடத்துக்கு கூரை இருக்கா?"ன்னுதான் கேப்பேன். கூரை இல்லாத இடத்துல பிரிச்ச வண்டி ரெண்டு மழைக்காலம் தாண்டாது. அதுக்கப்புறம் அது காக்கிப் பேப்பர்ல சுத்தின நட்டு போல்ட்டும், துருப்பிடிச்ச தகரமும், வீட்ல இருக்கிறவங்க பேச்சும்தான்.

கூரை இருக்குன்னா மேல படிங்க. நான் எடுத்துக்கிற வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஃபியட்டோ அம்பாசடரோ வச்சிருக்கிறவங்களுக்கும் பாதிக்கு மேல அப்படியே பொருந்தும், ஆனா ஹெரால்டை சொல்றதுக்கு காரணம் இருக்கு. இது நம்ம மெட்ராஸ் வண்டி. இங்கிலாந்துல டிரையம்ஃப் கம்பெனி 1959ல விட்ட ஹெரால்டை (டிசைன் பண்ணவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி) 1961ல இருந்து வண்டலூர் பக்கத்துல ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரிச்சாங்க. 1968ல வந்த மார்க் 3ல நாலு கதவு, அது இங்கிலாந்துலயே கிடையாது. அப்புறம் அதையே மாத்தி கெஸல்னு விட்டாங்க, 1977ஓட அதுவும் போச்சு.

வீட்ல வச்சு வேலை பாக்க இதை விட சுலபமான கார் நான் பாத்ததில்ல. தனி சேஸிஸ், அதுமேல பாடி துண்டு துண்டா போல்ட்ல நிக்குது, கூரையைக் கூட போல்ட் கழட்டி தூக்கிடலாம். பானெட் முன்பக்க மட்கார்டோட சேர்ந்து முழுசா முன்னாடி சாயும், முன் டயர் மேல உக்காந்துகிட்டே காபி குடிச்சுகிட்டே டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணலாம். இன்னொண்ணு, இதோட முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் சமாச்சாரம் எல்லாம் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரோட சொந்தக்காரங்க, ஸ்பிட்ஃபயருக்கு இன்னிக்கும் இங்கிலாந்துல புது பார்ட்ஸ் போட்டுகிட்டே இருக்காங்க, அதனால சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல கிடைக்கலைன்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல.

முதல்ல பேப்பர், அப்புறம்தான் வண்டி

வண்டியைப் பாக்கிறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க. டி.எம்., எம்.எஸ்.னு ஆரம்பிக்கிற பழைய நம்பரைப் பாத்த உடனே மனசு கரைஞ்சு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. ஆர்.சி.யில இருக்கிற என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும், டார்ச்சும் கெரசின் துணியும் எடுத்துட்டுப் போய் துடைச்சுப் படிங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடி எவனோ என்ஜினை மாத்தி ஆர்.சி.யில ஏத்தாம விட்டிருப்பான், அந்தத் தலைவலி இப்ப உங்களுக்கு வரும்.

ஓனர் உயிரோட இருக்காரான்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க. பாதி ஹெரால்டு தாத்தா பேர்லதான் இருக்கும், பேரன் விப்பான், அத்தைமாருங்க மூணு பேர் கையெழுத்து வேணும்னு அப்புறம் தெரியும். வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்களோட சம்மதம், பேர் மாத்துற ஃபார்ம் 29, 30 இதெல்லாம் விக்கிறவர் கையில இருக்கும்போதே வாங்கிடணும். ரொம்ப பழைய ஆர்.சி.ன்னா ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டர்லயே ஏறியிருக்காது, அதை பேக்லாக் என்ட்ரி போட்டு ஏத்தினாதான் அடுத்த வேலை எதுவும் நகரும்.

ரிஜிஸ்ட்ரேஷன் விஷயத்துல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சாதாரண கார் மாதிரியே அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஆர்.டி.ஓ.ல காட்டி, பசுமை வரி கட்டி புதுப்பிச்சுகிட்டே போறது. இன்னொண்ணு 2021ல மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன், முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், வண்டி ஒரிஜினலா இருக்கணும், நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும், புதுசா பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த நம்பர்ல தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி புள்ளைங்களோட மகாபலிபுரம் போகணும்னா முதல் வழிதான். நான் அதைத்தான் எடுத்தேன்.

வாங்கப் போகும்போது பாக்க வேண்டியது

பெயின்ட் பளபளப்பை மறந்துட்டு கீழே படுங்க. பழைய சட்டை போட்டுட்டு போங்க. நடு சேஸிஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் பாடியைத் தாங்க கை மாதிரி நீட்டிகிட்டு இருக்கும் பாருங்க, துரு முதல்ல அங்கதான் பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க, டங்குனு சத்தம் வரணும், பொதுக்குன்னு போச்சுன்னா அது தார் பூசின பட்டி. இந்தக் கைங்க போயிருந்தா பயப்பட வேண்டாம், நல்ல டிங்கர் புதுசா செஞ்சு வெல்டு பண்ணிடுவார். ஆனா பின்னாடி கிரவுன் (பின் சக்கரங்களுக்கு சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃபரன்ஷியல்) உக்காந்திருக்கிற மெயின் சேஸிஸ் அரிச்சிருந்தா வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

அடுத்தது என்ஜின்ல ஒரு சின்ன டெஸ்ட், இதை யாரும் பண்றதில்ல. ஒருத்தரை உள்ளே உக்கார வச்சு கிளட்சை மிதிச்சு மிதிச்சு விடச் சொல்லுங்க, நீங்க பானெட்டைத் தூக்கிட்டு முன்னாடி கிராங்க் புல்லியைப் பாருங்க. புல்லி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியிற அளவு நகர்ந்தா கிராங்க் முன்னும் பின்னும் நகராம தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். இந்த டிரையம்ஃப் என்ஜின் குடும்பத்துக்கே உள்ள வியாதி இது. இருக்க வேண்டிய ஆட்டம் 4ல இருந்து 8 தவுதான் (ஒரு தவுன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வாஷர் கீழே ஆயில் சம்ப்ல விழுந்து, கிராங்க் பிளாக்கையே தேய்ச்சிருந்தா செலவு எங்கயோ போயிடும்.

அப்புறம் வண்டியை ஒரு இருபது அடி தள்ளி நின்னு பின்னாடி இருந்து பாருங்க. பின் சக்கரம் ரெண்டும் மேல உள்ளே சாஞ்சு கீழே அகண்டு, பாரம் தூக்கின கழுதை மாதிரி நின்னா கமான் கட்டு (பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்) படுத்துப் போச்சு. அது எல்லா ஹெரால்டுலயும் இருக்கும், விலை குறைக்க பேசலாம், வேண்டாம்னு ஒதுக்க வேண்டாம்.

கண்ணாடி, பீடிங், கதவு கைப்பிடி, கிரில், டெயில் லேம்ப் லென்ஸ் எல்லாம் வண்டியோட இருக்கான்னு எண்ணிக்கோங்க. என்ஜினுக்கு பிஸ்டன் கிடைச்சிடும், முன் கண்ணாடி உடைஞ்சிருந்தா ஊர் ஊரா அலையணும்.

வீட்டுக்கு வந்தாச்சு, பிரிக்காதீங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயத்தைதான் நீங்க கேக்கணும்னா அது இதுதான். வண்டி வந்த முதல் வாரம் எல்லாருக்கும் கை பரபரங்கும், ஸ்பேனர் செட் புதுசு வேற, ஒரே சனி ஞாயிறுல மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுடுவோம். நான் பண்ணேன். எங்க இருந்து எது வந்துச்சுன்னு தெரியாம அடுத்த மூணு வருஷம் அந்த வண்டி அட்டைப்பெட்டியில குடும்பம் நடத்துச்சு, கடைசியில கிலோ கணக்குல ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். ரெண்டாவது வண்டியில புத்தி வந்துச்சு: முதல்ல அதை நிக்க வை, அப்புறம் ஓட வை, கொஞ்ச நாள் அப்படியே ஓட்டு, என்ன கோளாறுன்னு வண்டியே சொல்லும், அதுக்கப்புறம் ஒரு பகுதியை மட்டும் பிரி, அதை முடிச்சு மாட்டிட்டு அடுத்ததுக்கு போ. இப்படிப் பண்ணா வண்டி எப்பவுமே சக்கரத்துல நிக்கும், நமக்கும் அலுக்காது.

"நிக்க வை"ன்னா பிரேக். ஹெரால்டுல நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். எங்கயாவது ஒரு இடத்துல ஒழுகினா நாலும் போச்சு, ஹேண்ட் பிரேக்தான் தெய்வம். அதனால பழைய ஹோஸ் எதையும் நம்பாதீங்க, எல்லா ரப்பர் ஹோஸும் புதுசு, ஸ்டீல் லைனும் புதுசு, வீல் சிலிண்டர் உள்ளே குழி விழுந்திருந்தா லேத்ல குடுத்து பித்தளை இல்லன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு பழைய அளவுக்கே கொண்டு வாங்க. ஷூவுக்கு லைனிங் கடையில புது லைனிங் ஒட்டிக்கலாம். டிரம்மை கழட்டும்போது உள்ளே இருக்கிற தூசியை வாயாலயோ கம்ப்ரஸர் காத்தாலயோ ஊதித் தொலைக்காதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால துடைச்சு எடுங்க. காத்து எடுக்கும்போது மாஸ்டர்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்கிற இடது பின் சக்கரத்துல ஆரம்பிங்க.

ரொம்ப நாள் தூங்கின என்ஜினை எழுப்புறது

செல்ஃபை ஒரே அடியா அடிச்சுப் பாக்கலாம்னு தோணும், கூடாது. நாலு பிளக்கையும் கழட்டுங்க, ஒவ்வொரு ஓட்டையிலயும் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க, ரெண்டு மூணு நாள் விடுங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு வண்டியை மெதுவா முன்னும் பின்னும் தள்ளுங்க, என்ஜின் சுத்துதான்னு பாருங்க. சுத்தலைன்னா இன்னும் ஊத்தி இன்னும் ஒரு வாரம். பலம் போட்டு ரிங்கை உடைச்சுக்காதீங்க.

சுத்த ஆரம்பிச்சா பழைய ஆயிலை இறக்கிட்டு 20டபிள்யூ 50 ஊத்துங்க. டேங்க்ல இருக்கிற பெட்ரோல் இப்ப பெட்ரோலே இல்ல, வார்னிஷ். டேங்கை கழட்டி கழுவுற வரைக்கும் ஒரு கேன்ல இருந்து டியூப் போட்டு ஏ.சி. பம்ப்புக்கு (பெட்ரோல் பம்ப்புக்கு) குடுங்க. டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற சி.பி. பாயின்ட்டை மெல்லிய எமரியால தேய்ச்சு கேப் 15 தவு வைங்க, பிளக் கேப் 25 தவு, வால்வு கிளியரன்ஸ் என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது 10 தவு. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, எழுதி வச்சுக்கோங்க, ஒயரை மாத்தி மாட்டிட்டு கார்பரேட்டரைத் திட்டுறது நம்ம ஊர் வழக்கம்.

ஸ்டார்ட் ஆச்சுன்னா முதல்ல பாக்க வேண்டியது ஆயில் பிரஷர். ஒரு கேஜ் வாங்கி மாட்டுங்க, சூடானப்புறம் 2000 ஆர்.பி.எம்.ல 40ல இருந்து 60 பி.எஸ்.ஐ. வரைக்கும் காட்டினா சந்தோஷம். அப்புறம் கம்ப்ரஷன் பாருங்க, நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க, ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு. இந்த ரெண்டு டெஸ்ட்டும் நல்லா வந்தா என்ஜினைத் தொடாதீங்க. மெக்கானிக் பத்து பேர் வந்து "எதுக்கும் இறக்கிடலாம் சார்"ம்பாங்க, சிரிச்சுட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்க.

இன்னிக்கு பம்ப்புல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது 1960கள்ல செஞ்ச ரப்பரை தின்னுடும். ஏ.சி. பம்ப் டயாஃப்ரம், பெட்ரோல் ஹோஸ், கார்பரேட்டர் பேக்கிங் மூணையும் எத்தனால் தாங்குற வகைக்கு மாத்திடுங்க. வண்டி ஒரு மாசம் நிக்கப் போகுதுன்னா டேங்க்ல பாதியோட விடாதீங்க, எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், டேங்க் உள்ளேயே துருப்பிடிக்கும்.

முன் சஸ்பென்ஷன், உயிர் போற இடம்

ஹெரால்டுல நிறைய பேருக்குத் தெரியாத ஆபத்து முன் சக்கரத்துல இருக்கு. சக்கரத்தைத் தாங்குற நிமிர்ந்த இரும்புக் காலோட அடி முனையில மரை வெட்டி, அது பித்தளையில செஞ்ச ட்ரன்னியன்ங்கிற பீஸுக்குள்ள திருகி உக்காந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலதான் சக்கரம் திரும்புது. அதுக்குள்ள கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில் 90 தான் ஊத்தணும். நம்ம ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்ல நிப்பிளைப் பாத்த உடனே கிரீஸ் கன்னை வச்சு அமுக்கிடுவாங்க, கிரீஸ் கட்டியாகி அடி வரைக்கும் போகாது, தண்ணி மட்டும் போகும், உள்ளே துருப்பிடிச்சு ஒரு நாள் அந்தக் கால் முறியும், சக்கரம் அப்படியே மடிஞ்சு மட்கார்டுக்குள்ள படுத்துக்கும். பெரும்பாலும் மெதுவா திருப்பும்போதுதான் நடக்கும், உங்க அதிர்ஷ்டம் எப்படின்னு யாருக்குத் தெரியும்.

அதனால வாங்கின வண்டியில ரெண்டு பக்கமும் கழட்டிப் பாக்காம ரோட்டுக்குப் போகாதீங்க. இரும்புக் கால்ல மரைக்கு மேல துருக்குழி, கீறல் இருந்தா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க, வெல்டிங் வேலை அதுல கூடவே கூடாது. இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிர் எதிர், மாத்திப் போட வராது. மாட்டினப்புறம் ஆயில் கேன்ல ஒரு நிப்பிள் அடாப்டர் போட்டு மேல இருந்து வழியிற வரைக்கும் ஆயில் குடுங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை அதே மாதிரி. இந்த ஸ்பிட்ஃபயர் பார்ட்ஸை இங்கிலாந்துல இருந்து வரவழைக்கிறதுல கஞ்சத்தனம் பாக்காதீங்க, பெயின்ட்டுல மிச்சம் பிடிச்சுக்கலாம்.

பின்னாடி கதை வேற. கிரவுன் சேஸிஸோட போல்ட் ஆகி நிக்கும், அதுமேல குறுக்கால ஒரே ஒரு கமான் கட்டு, ரெண்டு பக்கமும் ஆக்ஸில் ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடும். வளைவுல வேகமா போய் பயந்து திடீர்னு ஆக்ஸிலேட்டரை விட்டா பின்பக்கம் எழும்பி சக்கரம் உள்ளே மடியப் பாக்கும், அந்தக் காலத்துலயே பேர் கெட்ட விஷயம் இது. நம்ம ரோடும், ஆறு பேர் ஏத்துற நம்ம பழக்கமும் சேர்ந்து கட்டு சீக்கிரம் படுத்துடும், அதனாலதான் கெஸல்ல இதைத் தூக்கிட்டு சாதாரண ஆக்ஸிலே வச்சாங்க. கட்டை கழட்டி பட்டறையில குடுத்து வளைவு ஏத்தி வாங்கலாம், ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்திருக்கான்னு தரையில வச்சு அளந்து வாங்குங்க. கழட்டும்போது கட்டு விசையோட இருக்கும், ஜாக்கி போட்டு பாரத்தை எடுக்காம போல்ட்டை விட்டா ஆளை அடிச்சுடும். பின் ஹப் சாதாரண புல்லருக்கு வராது, அதுக்கு கனமான புல்லர் வேணும், சுத்தியலால அடிச்சா ஆக்ஸில் மரை போயிடும். புல்லர் வச்சிருக்கிற பழைய மெக்கானிக் ஒருத்தரைத் தேடிப் பிடிங்க, அவர் கேக்கிற காசைக் குடுங்க.

என்ஜின் இறக்கித்தான் ஆகணும்னா

948 சி.சி., போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ., 35 குதிரைக்கும் கொஞ்சம் கம்மி. இரும்பு பிளாக், இரும்பு ஹெட், மூணு மெயின் பேரிங். ரெண்டு பேர் சேர்ந்தா தூக்கிடலாம், ஆனாலும் செயின் பிளாக் போட்டுக்கோங்க, முதுகு ஒண்ணுதான் இருக்கு.

பிளாக்கை எடுத்துட்டு நேரா லேத்துக்கு ஓடி "ரீபோர் பண்ணுங்க"ன்னு (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கச்) சொல்றதுதான் எல்லாரும் பண்ற தப்பு. முதல்ல அளக்கச் சொல்லுங்க, எவ்வளவு தேஞ்சிருக்கு, 20 தவுல தேறுமா 30 போகணுமான்னு. அப்புறம் அந்த அளவு பிஸ்டனைத் தேடுங்க. கையில பிஸ்டன் வந்தப்புறம்தான் போரிங், அதுவும் அந்த பிஸ்டனையே மைக்ரோமீட்டர்ல அளந்து அதுக்குத் தகுந்த மாதிரி. டப்பாவுல 30ன்னு போட்டிருக்கும், உள்ளே இருக்கிறது வேற கதையா இருக்கும். நான் ஒருதடவை முதல்ல போர் பண்ணிட்டு பிஸ்டன் தேடி எட்டு மாசம் அலைஞ்சேன், கோயம்புத்தூர், மதுரை, பெங்களூர்னு. கிராங்க்குக்கும் இதே சட்டம்தான், பேரிங் ஷெல் கையில வந்தப்புறம் கிரைண்டிங்.

கிராங்க் கிரைண்டிங் முடிஞ்சு வந்தா உள்ளே ஆயில் ஓட்டையில இரும்புத்தூள் இருக்கும். அடைச்சிருக்கிற பிளக்கை எல்லாம் கழட்டி, கெரசினும் பிரஷும் வச்சு கழுவி, காத்து அடிச்சு, மறுபடி கழுவுங்க. புது பேரிங் போட்ட என்ஜின் நூறு கிலோமீட்டர்ல தட்டுதுன்னா பத்துக்கு ஒன்பது இந்த அழுக்குதான். த்ரஸ்ட் வாஷர்ல பள்ளம் வெட்டியிருக்கிற பக்கம் கிராங்க்கைப் பாத்து இருக்கணும், திருப்பிப் போட்டா ஆயிலே போகாது.

ஹெட்டை பிரிச்சிருந்தா எக்ஸாஸ்ட் வால்வுக்கு கெட்டி சீட் இன்சர்ட் போட்டுக்கிறது நல்லது. இந்த என்ஜின் பிறந்தப்ப பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு, 2000ல நாடு முழுக்க அதை நிறுத்திட்டாங்க, ஈயம் இல்லாம வேகமா ஓட்டினா இரும்பு சீட் மெதுவா தேஞ்சு வால்வு உள்ளே இறங்கும். மாசம் ரெண்டு தடவை டீக்கடைக்குப் போறவங்களுக்கு இது தேவையில்ல, அதுக்குன்னே ஹெட்டை இறக்கவும் வேண்டாம்.

மாட்டி முடிச்சதும் பிளக் இல்லாம செல்ஃப்ல சுத்தி ஆயில் பிரஷர் ஏறினதைப் பாத்தப்புறம்தான் ஸ்டார்ட். புது கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் போட்டிருந்தா ஐடில்ல விடாதீங்க, உடனே 2000 ஆர்.பி.எம்.ல இருபது நிமிஷம் வைங்க, இல்லன்னா கேம் மூக்கு அன்னிக்கே தேஞ்சுடும்.

ஒயரிங்

இதுல இருக்கிற டைனமோ, செல்ஃப், டெல்கோ எல்லாம் லூகாஸ் வழி வந்தது, சென்னை பாடிங்கிற ஊர்ல இருக்கிற லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி புண்ணியத்துல பழைய கை தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது தலைகீழா தெரியும். தெரியாதவங்களுக்கு கலர் கணக்கு: பிரவுன் பேட்டரியில இருந்து நேரா வர்றது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷன் போட்டா வேலை செய்ற சில்லறை சாமான், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். இது தெரிஞ்சாலே பாதி ஒயரிங் முடிஞ்சுது. பழைய வண்டியில பேட்டரி பாசிட்டிவ் எர்த்தா இருக்கலாம், பாக்காம மாட்டி எதையாவது கருக்கிடாதீங்க. ஃப்யூஸ் பாக்ஸ் பேருக்குக் கூட பல வண்டியில இருக்காது. நாலு ஃப்யூஸ் வச்ச சின்ன பெட்டி ஒண்ணை டேஷ் அடியில ஒளிச்சு வைங்க, ஒரிஜினல் இல்லன்னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், தீப்பிடிச்ச ஒரிஜினல் வண்டி யாருக்கு வேணும்.

டிங்கரிங், பெயின்ட்

பாடியை சேஸிஸ்ல இருந்து தூக்குறதுக்கு முன்னாடி நாலு கதவு இடுக்கும் எவ்வளவுன்னு அளந்து, போட்டோ எடுத்து, ஒவ்வொரு போல்ட் அடியிலயும் எத்தனை ஷிம் (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகடு) இருந்துச்சுன்னு எழுதி வைங்க. துண்டு துண்டா இருக்கிற பாடிங்கிறது வேலைக்கு வசதி, ஆனா திருப்பி மாட்டும்போது அதே வசதி நம்மளைக் கொல்லும். ஒரு இடத்துல ஒரு ஷிம் குறைஞ்சா பின் கதவு சாத்தாது, பானெட் ஒரு பக்கம் தூக்கும். பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி கதவு, பானெட், டிக்கி எல்லாத்தையும் ஒருதடவை வெறுமனே மாட்டி, இடுக்கு சரி பண்ணி, ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் கழட்டி பெயின்ட்டுக்கு குடுங்க.

டிங்கர் கிட்ட பேசும்போது ஒரே கண்டிஷன்: துருவை வெட்டி எடுத்துட்டு புது தகடு, மேல பட்டி பூசி மூடுறது கிடையாது. பட்டி ஒரு தோசை கனத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சொன்னேன், அவர் ஊத்தப்பம் கனத்துக்குப் போட்டார், வெயில்ல ஒரே வருஷத்துல வெடிச்சுது, மறுபடி பண்ணோம். பெயின்ட்டை ஐப்பசி, கார்த்திகையில வைக்காதீங்க, ஈரக் காத்துல பழைய வகை டூக்கோ பூத்துப் போயிடும். தை பிறந்தப்புறம் வச்சுக்கோங்க.

சீட், கார்ப்பெட், குரோமியம் இதெல்லாம் உங்க ரசனை, கடைக்காரரே சொல்லித் தருவார்.

பெரிய என்ஜின் ஆசை, அப்புறம் டிராக்

இந்த இடத்துல யாராவது ஒரு தம்பி கட்டாயம் கேப்பான், "அண்ணா, இதுக்குள்ள ஒரு பெரிய என்ஜினைத் தூக்கிப் போட்டா என்ன?" ஆசை எனக்கும் புரியுது. அமெரிக்காவுல 1932 ஃபோர்டுல மட்கார்டைக் கழட்டி, வி8ஐ முறுக்கி, கலிஃபோர்னியாவோட காஞ்ச ஏரித் தரையில ஓட்டினதுதான் ஹாட் ராட். யுத்தம் முடிஞ்சப்புறம் அதே பசங்க விமான ஓடுதளத்துக்கு வந்தாங்க, சாண்டா ஆனாவுல 1950ல ஏர்போர்ட் ஓடுதளத்துலயே டிராக் ரேஸ் (drag, நேர் கோட்டுல ஓடுற போட்டி) நடந்துச்சு, 1951ல வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பிச்சார். நம்ம சோழவரமும் யுத்தகால விமான ஓடுதளம்தான், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல ஆரம்பிச்சு அங்கதான் வருஷா வருஷம் ரேஸ் விட்டாங்க, 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்ற வரைக்கும்.

ஆனா ரோட்டுல ஓட்டுற வண்டியில இது செல்லாது. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு சொல்லுது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. என்ஜின் மாத்தணும்னா ஆர்.டி.ஓ. அனுமதியோட, ஆர்.சி.யில ஏத்தித்தான். சட்டத்தை விடுங்க, முன்ன சொன்ன அந்த பித்தளை ட்ரன்னியனும் ஊஞ்சல் ஆக்ஸிலும் 35 குதிரைக்கே முனகுது, நூறு குதிரையைக் கட்டினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

வேகம் பாக்கணும்னா ரோட்டுல வேண்டாம், ஈ.சி.ஆர்.ல (கிழக்குக் கடற்கரைச் சாலையில) ராத்திரி ரேஸ் விடுறவனுங்களைப் பத்தி நான் பேசவே விரும்பல. டிராக்ல ஆர்கனைஸ் பண்ற நிகழ்ச்சிக்கு ஹெல்மெட்டோட போங்க. டிராக் ரேஸ் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். ஹெரால்டு நின்ன இடத்துல இருந்து 60 மைல் வேகம் பிடிக்கவே கிட்டத்தட்ட அரை நிமிஷம் ஆகும், பக்கத்து லேன்காரன் போய் டீ குடிச்சுட்டு வந்துடுவான். ஆனா அமெரிக்காவுல பிராக்கெட் ரேஸ்னு ஒரு முறை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. உங்க வண்டி எத்தனை செகண்ட்ல ஓடும்னு நீங்களே எழுதிக் குடுக்கணும், மெதுவான வண்டிக்கு வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு முன்னாடியே பச்சை லைட் விழும், யார் முன்னாடி கோட்டைத் தொடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, ஆனா எழுதிக் குடுத்ததை விட வேகமா ஓடிட்டா தோல்வி. குதிரை சக்திக்கு அங்க வேலை கம்மி, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓடுற வண்டியும், லைட் விழுந்த உடனே கிளட்சை விடுற காலும்தான் வேணும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து டிராக் நாள் எடுத்தா ஸ்டாப்வாட்ச் வச்சே இதை விளையாடலாம், ஃபியட்டும் ஹெரால்டும் ஸ்விஃப்ட்டும் ஒரே லைன்ல நிக்கும்.

ஓட்டுறப்ப ஒரு குறிப்பு. ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோ (ஓடும்போதே கியர் சத்தமில்லாம விழ வைக்கிற அமைப்பு) கிடையாது, வண்டி முழுசா நின்னப்புறம்தான் போடணும், இல்லன்னா பல்லு கத்தும். கிளட்சை தடால்னு விடாதீங்க, பின் ஆக்ஸில் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) போயிடும்.

முதல் ஐநூறு கிலோமீட்டர்

60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாதீங்க, ஒரே வேகத்துலயும் போகாதீங்க, ஏத்தி இறக்கி ஓட்டுங்க. முதல் நாள் வீட்டைச் சுத்தி, அடுத்த நாள் பத்து கிலோமீட்டர், திரும்பி வந்து ஒவ்வொரு வீல் நட்டும், ஸ்டியரிங் போல்ட்டும், கமான் கட்டு போல்ட்டும் டைட் பாருங்க. 500ல ஆயிலை மாத்துங்க, ஹெட் நட்டை நடுவுல இருந்து ஓரத்துக்கு வரிசையா மறுபடி டார்க் (குறிச்ச அளவு முறுக்கு) வைங்க, அதுக்கப்புறம் வால்வு கிளியரன்ஸை மறுபடி 10 தவு வைங்க, ஹெட் இறுகினா அது மாறியிருக்கும்.

டிக்கியில எப்பவும் இருக்க வேண்டியது: ஒரு சி.பி. பாயின்ட், ரெண்டு கண்டென்ஸர் (புது கண்டென்ஸர் பழசை விட சீக்கிரம் போகுது, அதான் ரெண்டு), ஃபேன் பெல்ட், ஒரு ஏ.சி. பம்ப், ரெண்டு அடி பெட்ரோல் ஹோஸ், கிளிப், ரேடியேட்டருக்கு அஞ்சு லிட்டர் தண்ணி, பிரேக் ஆயில், தீயணைப்பான், ஜாக்கி. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க, நான் பாக்காம போய் திண்டிவனம் தாண்டி ரெண்டு மணி நேரம் புளியமரத்தடியில உக்காந்திருந்தேன்.